கண்ணுக்கு வெளிச்சம், செடிக்கு இருட்டு

இரவில் அறைக்குள் நுழைந்து விளக்கைப் போட்டதும் "பட்டப்பகல் போல் இருக்கிறது" என்கிறோம். நாளிதழ் படிக்க முடிகிறது; ஊசியில் நூல் கோக்க முடிகிறது. ஆனால் அதே அறையில் மேசைமீது ஒரு கீரைத் தொட்டியை வைத்துப் பாருங்கள். வேளை தவறாமல் நீர் ஊற்றி, எருவும் இட்டு வளர்த்தாலும், சில வாரங்களில் அது வெளிறி, ஒல்லியாக நீண்டு, ஒருபுறம் சாய்ந்துவிடும். பட்டப்பகல் போன்ற அறையில் அந்தச் செடி ஏன் பட்டினி கிடந்தது?

வெயில் படாத அடுக்கு மாடி வீடுகள் பெருகிவிட்ட இந்நாளில் இது வெறும் பாடப்புத்தகக் கேள்வியன்று. வீட்டுக்குள் விளக்கொளியில் செடி வளர்க்கும் சாதனங்கள் பலவும் கடைகளுக்கு வந்துவிட்டன. ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். வாங்குமுன் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துச் சிறு கணக்குப் போட்டால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி மிச்சமாகும். அந்தக் கணக்கைத்தான் இங்கே காணப் போகிறோம்.

கண் ஒரு பொய்யான அளவுகோல்

நடுப்பகல் வெயிலின் ஒளிர்வு சுமார் 1,00,000 லக்ஸ். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் 20 வாட் எல்.ஈ.டி. குழல் விளக்கு ஒன்று எரியும்போது மேசைமீது விழுவது சுமார் 100 லக்ஸ்தான். இரண்டுக்கும் ஆயிரம் மடங்கு வேறுபாடு! நமக்கு அது ஏன் தெரிவதில்லை? கண்ணின் பாவை இருட்டில் விரிந்து வெளிச்சத்தில் சுருங்குகிறது. அதன் குறுக்களவு ஏறத்தாழ 2 மில்லிமீட்டரிலிருந்து 8 மில்லிமீட்டர் வரை மாறக்கூடியது. பரப்பில் இது 16 மடங்கு. எஞ்சிய வேறுபாட்டை விழித்திரையும் மூளையும் தம்மைச் சரிசெய்துகொண்டு விழுங்கிவிடுகின்றன. ஒளி பத்து மடங்கு குறைந்தாலும் நமக்குச் 'சற்று மங்கல்' என்றுதான் தோன்றும். இலைக்கு அத்தகைய வசதி ஏதும் கிடையாது. வந்து விழும் ஒளியை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் கணக்கப்பிள்ளை அது.

'எண்ணி' என்று சொன்னது அணிக்காக அன்று. ஒளி ஃபோட்டான்கள் என்னும் துகள்களாக வருகிறது என்பதை மாணவர்கள் அறிவார்கள். ஒளிச்சேர்க்கையில் ஒரு ஃபோட்டான் ஓர் எலக்ட்ரானை ஒரு படி தூக்கிவிடுகிறது. நீல ஃபோட்டானின் ஆற்றல் சிவப்பு ஃபோட்டானின் ஆற்றலைவிட மிகுதி. எனினும் தூக்கிவிடும் படி ஒன்றேதான். மிகுந்த ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. ஆகையால் செடிக்கு வேண்டியதை ஜூலில் அளப்பதைக் காட்டிலும் ஃபோட்டான்களின் எண்ணிக்கையில் அளப்பதே பொருத்தம். எண்ணிக்கை மிகப் பெரியதாதலால் மோலில் சொல்கிறோம். ஒரு மைக்ரோமோல் என்பது 6.02 × 10¹⁷ ஃபோட்டான்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நொடிக்கு இத்தனை மைக்ரோமோல் என்பதே செடியின் மொழியில் வெளிச்சம். இக்கட்டுரையில் இனி வெறுமனே 'மைக்ரோமோல் வெளிச்சம்' என்று குறிப்பிடுவது இதையே.

நடுப்பகல் வெயில் சுமார் 2000 மைக்ரோமோல். நம் அறையின் 100 லக்ஸ் வெள்ளொளி ஒன்றரை மைக்ரோமோல்தான். செடியும் நம்மைப் போலச் சுவாசிக்கிறது. சேர்த்த சர்க்கரையில் ஒரு பகுதியை அதில் எரிக்கிறது. வரவும் செலவும் சமமாகும் வெளிச்சத்தை ஒளி ஈடுசெய் புள்ளி என்பர். வெயிலில் வளரும் செடிகளின் இலைகளுக்கு இது 10 முதல் 20 மைக்ரோமோல். ஒன்றரை மைக்ரோமோலில் இருக்கும் செடி பகலிலும் கடனில்தான் வாழ்கிறது. கையிருப்பு தீர்ந்ததும் மடிகிறது.

லக்ஸ் கருவி ஏமாற்றும் விதம்

"அப்படியானால் லக்ஸ் மீட்டர் ஒன்று வாங்கி, அல்லது கைப்பேசியில் உள்ள செயலியைக் கொண்டு அளந்துவிடலாமே" என்று கேட்கலாம். வெள்ளை விளக்குக்கு அது ஓரளவு உதவும். வண்ண விளக்குக்கு உதவாது. லக்ஸ் என்பதே மனிதக் கண்ணை வைத்து வகுத்த அலகு. நம் கண் 555 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது பச்சையும் மஞ்சளும் கலக்குமிடத்தில், மிகக் கூர்மையானது. அந்த நிறத்தில் ஒரு மைக்ரோமோல் வெளிச்சம் ஏறத்தாழ 147 லக்ஸ் காட்டும். 660 நானோமீட்டர் ஆழ்ந்த சிவப்பில் அதே ஒரு மைக்ரோமோல் 8 லக்ஸ்கூடக் காட்டாது. ஃபோட்டான்களின் எண்ணிக்கை ஒன்றே. கருவி காட்டுவதோ ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. வெள்ளை எல்.ஈ.டி.க்கு 68 லக்ஸ் ஒரு மைக்ரோமோல் என்று வைத்துக்கொண்டால் பெரும் பிழை வராது. இந்த 68 என்ற எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

கல்லூரி ஆய்வகத்தில் செய்யத்தக்க இன்னொரு வழி உண்டு. பொம்மைகளில் வரும் சிறிய சிலிக்கன் சூரிய மின்கலம் ஒன்றை மல்டிமீட்டரோடு இணைத்துக் குறுக்குச்சுற்று மின்னோட்டத்தை அளந்தால், அது வந்து விழும் ஃபோட்டான்களின் எண்ணிக்கைக்கு ஓரளவு நேர்விகிதத்தில் இருக்கும். சிலிக்கனும் இலையைப் போல ஃபோட்டான்களை எண்ணுகிற பொருள் அல்லவா! வெவ்வேறு எல்.ஈ.டி. விளக்குகளை ஒப்பிட இது நல்ல கருவி. வெயிலோடு ஒப்பிடும்போது மட்டும் எச்சரிக்கை வேண்டும். கண்ணுக்கும் இலைக்கும் பயன்படாத அகச்சிவப்பு ஒளியையும் சிலிக்கன் எண்ணிவிடுகிறது. வெயிலில் அது ஏராளம், எல்.ஈ.டி.யில் அநேகமாக இல்லை.

இங்கே பரவலான ஒரு தவறான எண்ணத்தையும் களைந்துவிட வேண்டும். 'இலை பச்சையாகத் தெரிகிறது. ஆகவே பச்சை ஒளியை முழுவதும் திருப்பி அனுப்பிவிடுகிறது. செடிக்கு நீலமும் சிவப்பும் போதும்' என்று விளம்பரங்கள் கூறுகின்றன. கரைசலாக எடுத்த பச்சையத்தை மட்டும் சோதித்தால் அப்படித்தான் தோன்றும். முழு இலை அப்படியன்று. பச்சை ஒளி இலைக்குள் செல்லுக்குச் செல் மோதிச் சிதறி, கடைசியில் அதன் பெரும்பகுதி உறிஞ்சப்பட்டுவிடுகிறது. அமெரிக்காவில் மெக்ரீ என்ற ஆய்வாளர் 22 வகைப் பயிர்களின் இலைகளை ஒவ்வோர் அலைநீளத்திலும் சோதித்து 1972-ல் முடிவுகளை வெளியிட்டார். 400 முதல் 700 நானோமீட்டர் வரை எந்த நிறமும் செடிக்கு வீணில்லை என்பதும், சிவப்பு சற்று முந்தி நிற்கிறது என்பதும் அதிலிருந்து தெளிவாயின. ஆகவே ஊதா நிறத்தில் ஒளிரும் விளக்குதான் செடிக்கு உகந்தது என்று நம்பிக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை. தவிர, ஊதா வெளிச்சத்தில் இலை கறுப்பாகத் தெரியும். மஞ்சளிப்பும் பூச்சியும் கண்ணில் படமாட்டா. வெள்ளொளியே நல்லது என்பது என் கருத்து.

நாளின் ஒளிக்கூலி

செடிக்கு முக்கியம் அந்த நொடியின் வெளிச்சம் மட்டுமன்று. நாள் முழுவதும் சேர்ந்த தொகை. இதை மோலில் சொல்லலாம். தமிழ்நாட்டில் தெளிவான நாளில் திறந்தவெளியில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 40 மோல் ஃபோட்டான்கள் விழுகின்றன. லெட்யூஸ் என்னும் இலைக்கோசுக்கு 12 முதல் 17 மோல் போதும். உள்ளறைச் சாகுபடியில் உலகெங்கும் அதிகம் ஆராயப்பட்ட பயிர் இதுதான்; 2015 ஆகஸ்டில் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் வீரர்கள் விளக்கொளியில் வளர்த்துப் பறித்து உண்டதும் இதன் ஒரு சிவப்பு வகையே. தக்காளிக்கு 20-க்கு மேல் வேண்டும்.

விளக்கு வாங்குமுன் ஒன்றைச் சோதியுங்கள். உங்கள் சன்னலிலோ பால்கனியிலோ நேர்வெயில் இரண்டு மணி நேரமாவது படுகிறதா? 1500 மைக்ரோமோல் வெயில் 7200 நொடிகள் விழுந்தால் 10.8 மோல். லெட்யூஸின் ஒரு நாள் கூலியில் முக்கால் பங்கு இலவசமாகவே கிடைத்துவிட்டது! அந்த இடம் இருக்கும்போது விளக்குக்குச் செலவழிப்பது கிணற்றடியில் நின்றுகொண்டு தண்ணீர் லாரிக்குச் சொல்லி அனுப்புவது போலத்தான். வெயில் அறவே படாத வீட்டுக்கே மேற்கொண்டு கணக்கு.

நாளைக்கு 14 மோல் வேண்டும், விளக்கு 16 மணி நேரம் எரியும் என்போம். 16 மணி என்பது 57,600 நொடிகள். வகுத்தால் சுமார் 243 மைக்ரோமோல். இதுவே நம் இலக்கு. இனி, இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் உள்ள ஓர் அலமாரித் தட்டை எடுத்துக்கொள்வோம். பரப்பு 0.186 சதுர மீட்டர். தேவை நொடிக்கு 45 மைக்ரோமோல். விளக்கிலிருந்து புறப்பட்டதில் ஐந்தில் ஒரு பங்கு பக்கவாட்டில் சிதறிப் போகும் என்று கழித்தால், விளக்கு 56 மைக்ரோமோல் தர வேண்டும். இப்போது அந்த 68-ஐக் கொண்டு பெருக்குங்கள்: 3800 லூமென். விளக்குப் பெட்டிமேல் லூமென் அச்சிட்டிருக்கும். 1000 லூமென் தரும் இரண்டடி நீள 10 வாட் எல்.ஈ.டி. பட்டை விளக்குகள் நான்கு போதும். இவை எந்த மின்கடையிலும் கிடைப்பவை. 'செடி விளக்கு' என்ற பெயரும் அதற்குரிய விலையும் இல்லாதவை.

எந்த விளக்கு?

ஒரு ஜூல் மின்னாற்றலுக்கு எத்தனை மைக்ரோமோல் ஃபோட்டான் கிடைக்கிறது என்பதே விளக்கின் தகுதியைக் காட்டும் எண். பழைய குண்டு பல்பு சுமார் 0.3 தருகிறது, எஞ்சியது பெரும்பாலும் வெப்பம். குழல் விளக்கு 0.8 முதல் 0.9 வரை. தெருவோரங்களில் மஞ்சளாக எரிந்த உயரழுத்தச் சோடியம் விளக்கு, அளவையும் அமைப்பையும் பொறுத்து 1 முதல் 1.7 வரை; ஐரோப்பியக் கண்ணாடிக் கூடங்களில் பல்லாண்டுகள் ஆட்சி செய்தது இதுதான். வாட்டுக்கு 100 லூமென் தரும் சாதாரண வெள்ளை எல்.ஈ.டி. 1.5 அளவில் இருக்கிறது. செடிக்கென்றே தரமாகச் செய்த எல்.ஈ.டி. விளக்குகள் 2.5-லிருந்து 3 வரை எட்டுகின்றன. 660 நானோமீட்டர் சிவப்பில் ஒரு சிறிதும் வீணாகாத கற்பனை விளக்கு 5.5 தரும். அதற்கு மேல் அந்த நிறத்தில் எவராலும் தர முடியாது. பிளாங்க் மாறிலி விடாது. வெள்ளை எல்.ஈ.டி. என்பதே நீல எல்.ஈ.டி.மேல் மஞ்சளொளி தரும் பூச்சைப் பூசியதுதான். அந்த நீலத்தைக் கண்டறிந்த அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபெல் பரிசு கிடைத்தது.

விளம்பரத்தில் '1000 வாட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். கம்பியில் அளந்தால் 100 வாட்தான் இழுக்கும். பழைய விளக்கு ஒன்றுக்கு 'ஈடு' என்ற பொருளில் அந்த எண்ணைப் போட்டிருப்பார்கள். உண்மையில் இழுக்கும் வாட்டையும் நொடிக்குத் தரும் மைக்ரோமோலையும் தெரிவிக்காத விளக்கை வாங்காதிருப்பதே நலம்.

இன்னொன்றும் அறிய வேண்டும். உள்ளறைச் சாகுபடிக்கென்று வெளிநாட்டிலிருந்து வரும் கூடாரம், 'பூக்கும் பருவ' விளக்கு, கரி வடிகட்டி போன்ற பலவும் கஞ்சாச் செடியை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. கனடாவில் 2018 முதல் நாடு தழுவிய சட்டம் வீட்டுக்கு நான்கு செடிகள் வரை வளர்க்க இடம் தருகிறது. அத்தகைய நாடுகளில் இச்சாதனங்களுக்குப் பெருஞ்சந்தை இருக்கிறது. இந்தியாவிலோ உரிமமின்றி அதை வளர்ப்பது 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி குற்றம். பயிரியல் நோக்கில் பார்த்தாலும் அந்தச் சாதனங்கள் நமக்குப் பொருந்தா. அது பூக்கும்போது 600 முதல் 1000 மைக்ரோமோல் வரை வெளிச்சம் கேட்கும் செடி. நம் கீரைக்கு அதில் கால் பங்கே மிகை. வாசனையை அடக்கும் கரி வடிகட்டிக்குக் கொத்தமல்லி வளர்ப்பவரிடம் என்ன வேலை?

அந்தச் செடி குறும்பகல் இனத்தைச் சேர்ந்தது. இரவு நீண்டால்தான் பூக்கும். கார்னர், அல்லார்டு என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் ஒரு புகையிலை வகையில் இதைக் கண்டு 1920-ல் வெளியிட்டார்கள். செவ்வந்தியும் இந்த இனமே. நடு இரவில் விளக்கெரித்து அது பூப்பதைத் தள்ளிப்போடலாம். கொத்தமல்லிக்கும் லெட்யூஸுக்கும் நிலைமை நேர்மாறு. பகல் நீண்டு வெப்பமும் கூடினால் தண்டு விட்டுப் பூத்துவிடும், இலையும் கசக்கும். விளக்கை 24 மணி நேரமும் எரியவிட்டால் இரட்டை விளைச்சல் என்று எண்ண வேண்டாம். 14 முதல் 16 மணி போதும். கொத்தமல்லிக்கு 12 மணியே நன்று. மணிப்பொறி இணைந்த சுவிட்சு ஒன்று வாங்கிவிட்டால் மறதிக்கு இடமில்லை.

விளக்கை எவ்வளவு உயரத்தில் தொங்கவிடுவது? இங்கே மாணவர்கள் உடனே எதிர் இருமடி விதியைச் சொல்வார்கள். அது புள்ளி மூலத்துக்குரிய விதி. ஒற்றைக் குமிழ் விளக்கை 30 சென்டிமீட்டரிலிருந்து 60-க்கு உயர்த்தினால் நேர் கீழே வெளிச்சம் ஏறத்தாழ கால் பங்காகும் என்பது சரியே. நீண்ட குழலின் அருகில் வெளிச்சம் தொலைவுக்கு எதிர் விகிதத்தில்தான் குறைகிறது. பல பட்டைகளை அடுக்கி ஒரு பலகை போலாக்கினால், அருகில் இருக்கும்வரை உயரம் மாறினாலும் வெளிச்சம் அவ்வளவாக மாறுவதில்லை. ஓரங்களில் தப்பிப் போகும் ஒளியே நட்டம். ஆகவே பட்டைகளை இலைக்கு மேல் 15 முதல் 25 சென்டிமீட்டரில் வைத்து, அலமாரியின் மூன்று பக்கங்களிலும் வெள்ளை அட்டையோ தெர்மாகோலோ நிறுத்துங்கள். கண்ணாடி வேண்டாம், மங்கலான வெண்மை ஒளியைச் சீராகச் சிதறடிக்கும்.

வேருக்கு வேண்டியது காற்று

செடிக்கு மண் இன்றியமையாததன்று என்பது 1860-களிலேயே ஜெர்மனியில் சாக்ஸ், நாப் ஆகியோரின் சோதனைகளால் தெளிவாகிவிட்டது. உரிய உப்புகள் கரைந்த நீரில் செடி முழு வாழ்வும் வாழ்ந்தது. கலிபோர்னியாவில் கெரிக் என்பவர் 1929 முதல் இதைச் சோதனைச்சாலையிலிருந்து வெளியே கொண்டுவர முனைந்தார். 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்ற பெயரைப் பரப்பியவரும் அவரே. நாம் நீர்வளர்ப்பு என்போம்.

நீரில் வேர் மூழ்கியிருந்தால் தாகம் தீரும், மூச்சு? 20 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 பாகையில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறைகிறது; வேரின் சுவாசமோ வெப்பத்தோடு கூடுகிறது. ஒரு லிட்டர் காற்றில் 270 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் இருக்கிறது. அன்றியும் ஆக்சிஜன் நீருக்குள் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. குளிர்நாட்டுப் புத்தகத்தைப் பார்த்து நம் ஊர் மே மாதத்தில் நீர்வளர்ப்புச் செய்கிறவர்களின் வேர் பழுத்து அழுகுவது இதனால்தான். தொட்டிமண்ணில் நீர் தேங்கினாலும் இதே கதை. எத்தனையோ வீட்டுச் செடிகள் தண்ணீர் இல்லாமல் சாவதைவிட அன்பு மிகுதியால் மூழ்கிச் சாகின்றன.

இந்தச் சிக்கலைத் தீர்க்கப் பல முறைகள் உண்டு. மீன் தொட்டிக் காற்றுப் பம்பினால் நீரில் குமிழிகளை விடுவது ஒன்று. சரிவான குழாயில் மில்லிமீட்டர் கனத்தில் நீரை ஓடவிட்டு, வேரின் பெரும்பகுதியைக் காற்றில் வைப்பது இன்னொன்று; இங்கிலாந்தில் ஆலன் கூப்பர் வளர்த்த 'மென்படல' முறை இது. பார்க்க அழகானது, ஆனால் பம்பு நின்றால் வெப்ப நாளில் சில மணி நேரத்தில் செடிகள் துவண்டுவிடும். மின்வெட்டு வரக்கூடிய ஊரில், புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் கிராட்கி பரப்பிய முறை நமக்கு ஏற்றது. பம்பு இல்லை, மின்சாரம் இல்லை. ஒளி புகாத ஒரு தொட்டி, அதன்மேல் துளையிட்ட மூடி, துளைகளில் சல்லடைக் கிண்ணம், அதில் செடி. தொடக்கத்தில் கிண்ணத்தின் அடிப்பகுதி மட்டும் கரைசலைத் தொடும். செடி நீரைக் குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும். இடையில் ஈரக் காற்று நிறைந்த வெளி உண்டாகும். அங்கே மேல்வேர்கள் காற்றுக்கெனவும், கீழ்வேர்கள் நீருக்கெனவும் பணியைப் பிரித்துக்கொள்கின்றன. மட்டம் இறங்கியதைக் கண்டு பதறிப்போய் மறுபடி விளிம்புவரை நிரப்பிவிடக் கூடாது. காற்றுக்குப் பழகிய வேர்கள் மூழ்கி மூச்சுத் திணறும். ஒரு லெட்யூஸ் செடி வளர்ந்து முடியச் சுமார் 4 லிட்டர் வேண்டும். நம் இரண்டடித் தட்டில் ஆறு செடிகள் வைக்கலாம், 24 லிட்டர். தொட்டியில் இது 13 சென்டிமீட்டர் ஆழம். மூடியில் இடுக்கு இருந்தால் கொசு முட்டையிடும்; டெங்குவைப் பரப்பும் கொசுவுக்கு இத்தகைய தெளிந்த தேங்குநீர் மிகப் பிடித்தமானது. துளைகளைக் கச்சிதமாக அடையுங்கள்.

உரக் கரைசலைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கடையில் 'ஏ', 'பி' என இரு புட்டிகளாக விற்பதில் வியாபாரத் தந்திரம் ஏதுமில்லை. அடர்த்தியான நிலையில் கால்சியமும் சல்பேட்டும் சந்தித்தால் ஜிப்சமாகப் படிந்துவிடும், பாஸ்பேட்டும் அவ்வாறே. நீரில் கலந்து நீர்த்த பின் தொல்லையில்லை. லெட்யூஸுக்கு மின்கடத்துத்திறன் சென்டிமீட்டருக்கு 1 முதல் 1.5 மில்லிசீமன்ஸ், பி.எச். 5.5 முதல் 6.5 வரை இருக்கலாம். நம் ஊர்களில் பல ஆழ்துளைக் கிணறுகளின் நீர் உரம் போடுமுன்பே ஒரு மில்லிசீமன்ஸைத் தாண்டிவிடும். கருவி எத்தனை உப்பு என்று சொல்லுமே தவிர, எந்த உப்பு என்று சொல்லாது. சோடியமும் அதே முள்ளைத்தான் நகர்த்தும். எனவே மழைநீரோ வடிகட்டிய குடிநீரோ கொண்டு தொடங்குவது நல்லது.

நீரில் நம்பிக்கை வராதவர்கள் தென்னை நார்க்கழிவில் வளர்க்கலாம். பொள்ளாச்சிப் பகுதியிலிருந்து கட்டிகளாக அழுத்தி உலகெங்கும் ஏற்றுமதியாகும் பொருள் இது. தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைப் பிடித்துக்கொண்டும் நடுவே காற்றுக்கு இடம் விடும். உப்பு போக நன்றாக அலசிய பின்னரே பயன்படுத்த வேண்டும்.

வெப்பமும் ஈரமும்

விளக்கு இழுக்கும் 40 வாட்டும் கடைசியில் அறையின் வெப்பமாகவே முடிகிறது. சர்க்கரையில் சேமிப்பாவது மிகச் சொற்பம். ஓய்வாக அமர்ந்திருக்கும் மனிதர் சுமார் 100 வாட் வெப்பம் தருகிறார். அவரோடு ஒப்பிட்டால் நம் அலமாரி அரை மனிதர்கூட இல்லை. ஒரு தட்டுக்குக் கவலையில்லை. பத்துத் தட்டு வைத்தால் நாலு விருந்தினர் நிரந்தரமாகக் குடியிருப்பதற்குச் சமம்.

இலை நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. ஆனால் அசையாத காற்றில் இலையை ஒட்டி ஈரக்காற்று மெல்லிய போர்வையாகத் தங்கிவிடும். ஆவியாதல் தடைப்படும், நீரோட்டத்தோடு மேலேறும் கால்சியம் இளந்தளிருக்கு எட்டாது. லெட்யூஸில் தளிரின் ஓரம் கருகுவது பெரும்பாலும் இதனால்தான். உரம் போதவில்லை என்று மேலும் உரமிட்டால் தீராது. இலைகள் மெல்ல ஆடும்படி ஒரு சிறு மின்விசிறி வையுங்கள்.

லெட்யூஸுக்கு 18 முதல் 24 பாகை வரை இதமானது. ஆகவே கார்த்திகை முதல் மாசி வரை லெட்யூஸ், கொத்தமல்லி. கோடையில் புதினா, திருநீற்றுப்பச்சை என்று மாற்றிக்கொள்வது அறிவுடைமை. நமக்குப் பழகிய முளைக்கீரையும் தண்டுக்கீரையும் விளக்குக்கு ஏற்றவையல்ல. அவை சோளம், கரும்பு போல நான்கு கார்பன் வழியில் ஒளிச்சேர்க்கை செய்பவை. கடும் வெயிலில்தான் அவற்றின் திறமை வெளிப்படும்.

மின்சாரமும் நீரும் அருகருகே இருப்பதால், கசிவு மின்னோட்டம் கண்டவுடன் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனம் வீட்டில் உள்ளதா என்று முதலில் பாருங்கள். விளக்குக் கம்பி சுவர்ச் செருகிக்குப் போகுமுன் ஒரு வளைவாகக் கீழே தொங்கட்டும். வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

கட்டுப்படியாகுமா?

40 வாட், 16 மணி: நாளைக்கு 0.64 யூனிட். முப்பத்தைந்து நாளில் சுமார் 22 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்று கொண்டால் 130 ரூபாய்க்கு மேல். கிடைப்பது ஆறு செடிகளில் அரை முதல் முக்கால் கிலோ இலை. கீரைக்காரரிடம் ஒரு கட்டு வாங்குவதோடு இதை ஒப்பிட்டால் தோல்விதான். வெயில் ஏறாத வீட்டில் நமக்கு வேண்டிய இலையை, பூச்சிமருந்து தெளிக்காமல், வேண்டிய அன்று பறிக்கிறோம் என்பதே இதன் மதிப்பு. பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல ஆய்வகமும் இல்லை.

"இப்படியே நெல்லையும் வளர்த்துவிடலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு கரியமில வாயு மூலக்கூற்றைச் சர்க்கரையில் சேர்க்கக் குறைந்தது 8 ஃபோட்டான்கள் வேண்டும். இந்த எண் எளிதில் கிடைத்ததன்று. 4 போதும் என்று நோபெல் பரிசு பெற்ற வார்பர்க் கடைசிவரை வாதாடினார். அவரிடமே பயின்ற எமர்சன் அமெரிக்காவில் திரும்பத் திரும்ப அளந்து 8-க்குக் குறையாது என்று காட்டினார். மாணவர் பக்கமே உண்மை இருந்தது. ஒரு கிலோ அரிசியின் மாவுச்சத்தில் ஏறத்தாழ 33 மோல் கார்பன் உண்டு என்று கொண்டால், 264 மோல் ஃபோட்டான்கள் வேண்டும். ஜூலுக்கு 1.5 மைக்ரோமோல் தரும் நம் விளக்கில் அதற்கு 176 மெகாஜூல், அதாவது 49 யூனிட். ஒரு ஃபோட்டான்கூட வீணாகாமல், வேரும் வைக்கோலும் இல்லாமல், இரவுச் சுவாசமும் இல்லாமல் வளரும் நெல்லுக்கு இந்தக் கணக்கு! உண்மை நெல்லுக்குப் பல மடங்கு கூடும். லெட்யூஸ் மட்டும் எப்படித் தப்புகிறது? அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். விளக்கு கட்ட வேண்டிய கூலி எஞ்சிய ஐந்து பங்குக்குத்தான். ஆகவே விளக்கடியில் வளர்க்க இலையைத் தேர்ந்தெடுங்கள். தானியத்தையும் கிழங்கையும் சூரியனுக்கே விட்டுவிடுங்கள்.

இவ்வளவும் செய்ய மனமில்லாதவர்கள் வெந்தயத்தையோ கடுகையோ ஈரத் துணியில் தூவி ஒரு வாரத்தில் அறுத்துக்கொள்ளலாம். அந்தத் தளிர் பெரும்பாலும் விதையில் ஏற்கெனவே சேர்ந்திருந்த வெயிலைக் கொண்டே வளர்வதால் சன்னல் வெளிச்சமே அதற்குப் போதும். லெட்யூஸையே முயல்கிறவர்கள், விதை முளைத்த மூன்றாம் நாளிலிருந்து தண்டைக் கவனியுங்கள். முதல் இரண்டு இலைகளுக்குக் கீழே தண்டு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் நீண்டால் வெளிச்சம் போதவில்லை. விளக்கைச் சற்று இறக்குங்கள். நாற்று நாலைந்து இலை விட்டதும் தொட்டிக்கு மாற்றி, ஐந்தாம் வாரத்தில் வெளி இலைகளைப் பறிக்கத் தொடங்கலாம்.